திருப்பிப் போட்ட சக்கரம்

சின்னவள் நட்டைக் கழற்றவே இல்லை. ஸ்பானரை அதன் மேல் பொருத்தி ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தியிருக்கலாம். அதற்குப் பதில் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது ஓடுகிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கட்டும் என்று நின்றாள்.

"கழட்டினியா?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

"ம்."

"திருப்பிப் போட்டியா?"

"போட்டுட்டேன்க்கா."

"எந்தப் பக்கம் சாயுது?"

பட்டறை அறைக்கும் தையல் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. அதைச் சாத்துகிற பழக்கமே அந்த வீட்டில் கிடையாது. அக்கா அந்தப் பக்கம் சைக்கிளோடும், சின்னவள் இந்தப் பக்கம் தையல் மெஷினோடும் உட்கார்ந்துகொண்டு, முகம் பார்க்காமலே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். அக்காவுக்கு முடியாமல் போன பிறகு அவள் கட்டில் தையல் அறைக்கு வந்துவிட்டது. இப்போது சின்னவள் பட்டறையில் நிற்க, அக்காவின் குரல் மெஷின் பக்கமிருந்து வந்தது. யாரோ வீட்டைத் திருப்பி வைத்துவிட்டதுபோல இருந்தது சின்னவளுக்கு.

அவள் முன்னால் இருந்தது பேக்கரிக்காரரின் வண்டி. அவருடைய அப்பா ரொட்டிக் கூடை கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போன கறுப்பு வண்டி. இப்போது அந்த மாதிரி வண்டிகள் வருவதில்லை. முன்பக்கத்தைக் கயிறு கட்டி உத்தரத்திலிருந்து தூக்கி நிறுத்தியிருந்தாள் அக்கா. பிரேக்குக் கட்டைகளும் மட்கார்டும் ஏற்கெனவே கழன்று பெஞ்சின் மேல் இருந்தன. ஏதோ பள்ளத்தில் இறங்கி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஒரு கால் வளைந்துவிட்டது என்று பேக்கரிக்காரர் கொண்டுவந்து விட்டிருந்தார். அக்கா ஃபோர்க்கைத் தனியாகக் கழற்றி, வைஸ் பிடியில் இறுக்கி, நீளக் குழாயைக் காலில் மாட்டி இழுத்தாள். இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு இடது கை விட்டுப்போனது. குழாய் ஒரு வெட்டு வெட்டி நின்றது.

அதற்கப்புறம் நூல் பிடித்துப் பார்த்தாள். நூல் நேராக இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை, பிடித்த கை ஆடிக்கொண்டிருந்தது. சக்கரத்தை மாட்டினாள். சக்கரம் ஆட்டமில்லாமல் அழகாகச் சுற்றியது, ஆனால் இடது பக்கம் ஒட்டிச் சுற்றியது. இடது காலுக்கும் ரிம்முக்கும் நடுவில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. வலது பக்கம் கட்டைவிரல் தாராளமாகப் போய் வந்தது.

"கை போயிடுச்சுடி," என்றாள் அக்கா அன்றைக்கு. போய்ப் படுத்தாள். அன்று படுத்தவள்தான்.

டாக்டர் வந்து என்னென்னவோ சொன்னார். அதெல்லாம் அக்காவுக்குக் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. ஓய்வெடுக்கச் சொன்னால் தலையாட்டினாள், மாத்திரை கொடுத்தால் விழுங்கினாள். கூரையைப் பார்த்துக்கொண்டு வலது கையால் இடது கையைப் பிடித்து விரல் விரலாக மடக்கி விரித்துக்கொண்டே இருந்தாள். இன்று காலையில்தான் திடீரென்று, "ஏன்டி, நான் அதைத் திருப்பிப் போட்டே பாக்கலையேடி," என்றாள்.

கடைக்கு வருகிற எல்லாரிடமும் அக்கா சொல்வது அதைத்தான். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று யார் வந்து நின்றாலும், "முதல்ல சக்கரத்தைத் திருப்பிப் போடு, அப்புறம் பேசு" என்பாள். வலப்பக்கம் இருந்ததை இடப்பக்கமாக மாற்றி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்புறமும் அதே பக்கம் சாய்ந்தால் ஃபோர்க் கோணல். பக்கம் மாறிச் சாய்ந்தால் ஃபோர்க் மேல் குற்றமில்லை, சக்கரம் கோணல்; ஆடாமல் சுற்றினாலும் அதில் ஒரு பக்கக் கம்பிகள் கூடுதலாக இறுகியிருக்கும். ஊருக்கெல்லாம் சொல்கிறவள் இந்த வண்டிக்கு மட்டும் செய்யவில்லை. அந்தச் சக்கரம் பேக்கரிக்காரரின் அப்பா காலத்தில் அவளே கம்பி கோத்துக் கட்டியது. அவள் கட்டிய சக்கரத்தை அவள் சந்தேகப்பட்டதில்லை. கையைத்தான் சந்தேகப்பட்டாள்.

"என்னடி, தூங்கிட்டியா? எந்தப் பக்கம்னு கேட்டேன்."

சின்னவள் சுண்டுவிரலைப் பார்த்தாள். திருப்பிப் போட்டு அது மறுபடியும் இடது பக்கமே சாய்ந்துவிட்டால், அதைப் போய் எப்படிச் சொல்வது?

"ரெண்டு பக்கமும் சமமா இருக்குக்கா," என்றாள். "நேரா நிக்குது."

"சமமாவா?"

"ஆமா. விரல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போகுது."

சொன்ன பிறகுதான் சின்னவளுக்கு உறைத்தது. இடது என்று சொல்லியிருக்கலாம், வலது என்று சொல்லியிருக்கலாம். கோணல் இரண்டில் ஒன்றில் இருந்தே ஆக வேண்டும். சமம் என்று ஒரு பதிலை அக்கா கேட்கவே இல்லை.

"தையல்காரி கண்ணு," என்றாள் அக்கா கடைசியில். சிரித்ததுபோல ஒரு மூச்சு வந்தது. "உன் அளவை நம்பி ஊர்ல எல்லாரும் ஒரு கை நீளம் ஒரு கை குட்டைன்னுதான் சட்டை போட்டுட்டு அலையுறாங்க. சரி வா. கையைத் துடைச்சுட்டு வா. துணியில கறை படப் போகுது."

சின்னவள் உள்ளே போனாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். வெள்ளைத் துணி தைக்கிறவளின் சுத்தமான கைகள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"தண்ணி வேணுமாக்கா?"

"வேணாம்."

"கஞ்சி?"

"நீ தைச்சு முடி. பள்ளிக்கூடத்துக்காரங்க வந்து நிக்கப் போறாங்க."

சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூட நாடகத்துக்கு வெள்ளை அங்கிகள், எல்லாம் ஒரே மாதிரி. மெஷினை மிதித்தாள். தைத்துக்கொண்டே, நாளைக்குக் காலையில் யாராவது ஆம்பளையைக் கூப்பிட்டு அந்த நட்டைக் கழற்றச் சொல்லி உண்மையாகவே பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். பார்த்துவிட்டு என்ன சொல்வது என்பதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

மத்தியானம் வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தபோது மெஷினின் பெல்ட் கிரீச்சிட ஆரம்பித்தது. அக்காவுக்குப் பிடிக்காத சத்தம். கிரீச் என்று ஒரு சத்தம் இந்தப் பக்கம் வந்தால் போதும், அந்தப் பக்கமிருந்து, "எண்ணெய் போடுடி, மெஷின் அழுவுது," என்று வந்துவிடும். சின்னவள் மிதித்தாள். கிரீச். வரும் என்று பார்த்தாள். கிரீச். ஒரு அங்கியின் ஓரம் முழுக்கத் தைத்து முடித்தாள். துணியைத் திருப்பி மறு ஓரமும் தைத்தாள். கிரீச், கிரீச், கிரீச். பிறகு மிதிப்பதை நிறுத்தினாள். நிறுத்தியும் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. ஊசிக்கு அடியில் இருந்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசித் தையல் கோணிப்போயிருந்தது.

*

மறுநாள் காலை தம்பியும் அவன் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். தம்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதான், உள்ளே வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு நாற்காலிக்கும் வண்டிக்கும் போன் செய்ய ஆரம்பித்தான். அவன் எப்போதும் அப்படித்தான், கை சும்மா இருந்தால் தாங்க மாட்டான்.

மாடி வீட்டம்மா அக்காவைத் துடைத்துவிட்டுப் புதுப் புடவை கட்டினாள். "இந்த நகத்துல இருக்கிற கறுப்பு போகவே மாட்டேங்குதும்மா. சோப்புப் போட்டும் தேய்ச்சுப் பாத்துட்டேன்."

"விட்டுடுங்க," என்றாள் சின்னவள். "அது போகாது."

"யாராவது பாத்தா..."

"பாக்கட்டும்."

தம்பி பட்டறையிலிருந்து சாமான்களை ஓரம் கட்டிக்கொண்டிருந்தான். ஆட்கள் உட்கார வேறு இடமில்லை. பெஞ்சை நகர்த்தினான், குழாய்களைச் சுவரில் சாய்த்தான், கயிற்றில் தொங்கிய கறுப்பு வண்டியின் முன்னால் வந்து நின்றான்.

"சின்னக்கா, இதை அவுத்து வெளியில நிறுத்திடவா?"

"வேணாம்."

"வழியை அடைக்குது."

"அடைக்கட்டும்டா. அதைத் தொடாதே."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலிகளை அந்த வண்டியைச் சுற்றிப் போட்டான். வந்தவர்கள் எல்லாரும் வண்டியோடு சேர்ந்து உட்கார்ந்ததுபோல ஆகிவிட்டது.

கூட்டம் பெரிதில்லை. தெருவிலிருந்து சிலர், பழைய சைக்கிள் வைத்திருக்கிற சிலர். கொஞ்ச நேரம் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு முடிவெட்டுகிறவர்தான் ஆரம்பித்தார்.

"தெருவுல ஒருத்தன் நிம்மதியா சைக்கிள் விட முடியாது. வாசல்ல நின்னுக்கிட்டே, ஏய் இறங்கு, வண்டி இழுக்குது, இறங்கும்பாங்க."

"என்னை ஒரு நாள், நீ குடிச்சிருக்கியா இல்ல உன் வண்டி குடிச்சிருக்கான்னு கேட்டாங்க," என்றார் ஒருவர்.

"நீ என்ன சொன்னே?"

"உண்மையில நான்தான் குடிச்சிருந்தேன். ஆனா வண்டிதான்னு சொல்லி, ஃபோர்க்கை நேராக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் ஆளுக்கு ஆள் இருமினார்கள். சின்னவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, இதைக் கேட்டாயா என்பதுபோலக் கதவின் பக்கம் திரும்பினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

பேக்கரிக்காரர் கடைசியாக வந்தார். கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருப்பார் போல, முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. உள்ளே போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்து தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஹேண்டில்பாரில் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

"சின்னக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"சொல்லுங்க."

"இப்ப சொல்ற விஷயமில்லதான். ஆனா மனசு அரிச்சுக்கிட்டே இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "பள்ளத்துல விட்டப்போ ஃபோர்க் மட்டும் போகலை. முன் சக்கரத்துலயும் கம்பி அறுந்துபோச்சு. அக்காவுக்கு ஏற்கெனவே முடியலைன்னு கேள்விப்பட்டேன். ஃபோர்க் வேலையே பெரிய வேலை, சக்கரத்தையும் சேத்து அவங்க தலையில கட்டணுமான்னு, மார்க்கெட் பக்கம் ஒரு கடையில கம்பி போட்டு இறுக்கி வாங்கிட்டேன். அப்புறம்தான் இங்க கொண்டாந்து விட்டேன்."

சின்னவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா விட மாட்டாங்க. என் சக்கரத்துல எவன் கை வெச்சான்னு கேப்பாங்க. அதான் மறைச்சுட்டேன். அவங்க கட்டின சக்கரம்னே நெனச்சுட்டு இருந்திருப்பாங்க, பாவம். அதுல ஒண்ணும் தப்பில்லையே? அழகாத்தான் சுத்துது." அவர் விரலால் சக்கரத்தைத் தட்டினார். அது ஆட்டமில்லாமல், இடது காலை ஒட்டிச் சுற்றியது.

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

சின்னவள் சக்கரத்தையே பார்த்தாள். "இல்ல," என்றாள்.

"வண்டியை இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடவா? உங்களுக்கு இடமாவது இருக்கும். இதுக்கு மேல வேற யாரும் தொட வேணாம். அக்கா கை பட்டதே போதும்."

"இன்னிக்கு வேணாம்," என்றாள். அவளுக்கே தன் குரல் அக்காவின் குரல்போலக் கேட்டது. "வேலை முடியலை."

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. தம்பியும் பேக்கரிக்காரரும் இன்னும் சிலரும் அக்காவைத் தூக்கினார்கள். வலப்பக்கம் நெட்டை ஆட்கள், இடப்பக்கம் முடிவெட்டுகிறவரும் அவரைப் போலக் குள்ளமான இன்னொருவரும். வாசற்படியில் இறங்கும்போது எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தது. யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இடது பக்கம் சாயுது," என்றாள் சின்னவள்.

அது அவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. எல்லாரும் நின்றார்கள். முடிவெட்டுகிறவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தோளை உயர்த்தினார், தம்பி முழங்காலை மடக்கினான். நேரானது.

"இப்பப் போங்க."

*

மயானத்திலிருந்து திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நாற்காலிகளைக் கொண்டுபோய்விட்டார்கள். தம்பியின் மனைவி வீட்டைக் கழுவி, கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தாள். தையல் அறை பழையபடி ஆகிவிட்டதுபோல இருந்தது, கட்டில் கிடந்த இடம் மட்டும் மற்றத் தரையைவிட வெளுப்பாக, நீளமாகத் தெரிந்தது.

"எங்ககூட வந்துடேன் சின்னக்கா," என்றான் தம்பி. சமையலறையில் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

"பாக்கலாம்."

"இங்க தனியா என்ன பண்ணுவே?"

"தைப்பேன்."

மெஷினையும் பட்டறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். "டீ போடச் சொல்றேன்," என்று எழுந்து போனான்.

சின்னவள் பட்டறைக்குள் போனாள். ஸ்பானர் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. நட்டில் பொருத்தி அழுத்தினாள். அசையவில்லை. சுவரில் சாய்ந்திருந்த நீளக் குழாயை எடுத்தாள், அக்கா ஃபோர்க்கை இழுத்த அதே குழாய். அதை ஸ்பானரின் கைப்பிடியில் செருகினாள். அக்கா இப்படிச் செய்வதை எத்தனையோ தடவை கதவு வழியாகப் பார்த்திருக்கிறாள், ஆனால் குழாய் இவ்வளவு கனம் என்று தெரியாது. இரண்டு கைகளாலும் பிடித்து உடம்பைச் சாய்த்து அழுத்தினாள். நட்டு ஒரு முனகலோடு திரும்பியது. மறுபக்கமும் அப்படித்தான்.

சக்கரம் நழுவிக் கையில் வந்து விழுந்தது. மடியில் தாங்கினாள். ஆக்ஸிலில் பூசியிருந்த கிரீஸ் விரல்களுக்கு நடுவில் வழுக்கியது. சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, வலப்பக்கம் இடப்பக்கமாகும்படி திருப்பி, தூக்கி ஃபோர்க்கின் கால்களுக்கு நடுவில் ஏற்றினாள். முதல் தடவை ஒரு பக்கம் மட்டும் ஏறியது. இறக்கி மறுபடி ஏற்றினாள். அரைகுறையா மாட்டிட்டுக் கோணல்னு சொல்லாதே, என்று அக்கா வருகிறவர்களைத் திட்டுவாள். இரண்டு பக்கமும் ஆக்ஸில் கடைசிவரை ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். தடவியும் பார்த்தாள். பிறகு நட்டுகளை இறுக்கினாள்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

இடது பக்கம் சுண்டுவிரலை வைத்தாள். விரல் தட்டாமல் உள்ளே போனது. எடுத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தாள். அதுவும் தாராளமாகப் போனது. எழுந்து வலது பக்கம் வந்தாள். அங்கே சுண்டுவிரல் நகத்தோடு நின்றுவிட்டது.

மறுபடி இடது பக்கம் வந்து பார்த்தாள். மறுபடி வலது பக்கம்.

"சின்னக்கா, டீ ஆறுது," என்றான் தம்பி சமையலறையிலிருந்து. "அங்க என்ன பண்றே?"

அவள் கதவைப் பார்த்துத் திரும்பினாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான், அது நாக்குவரை வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் வெளுத்த தரையும் மடக்கிய கட்டிலும் தெரிந்தன.

"ஒண்ணுமில்லடா," என்றாள்.

தையல் அறைக்கு வந்தாள். பின்னாலேயே தம்பியின் மனைவி டீயோடு வந்து நின்றாள்.

"அய்யோ, என்ன அண்ணி இது, கையெல்லாம் ஒரே கறுப்பு! இருங்க, சோப்பு எடுத்துட்டு வர்றேன்."

"இருக்கட்டும்."

"துணியில பட்டுடப் போகுது."

"படாது. நீ அங்க வெச்சுட்டுப் போம்மா."

அவள் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். மெஷினில் நேற்றைய வெள்ளை அங்கி ஊசிக்கு அடியில் அப்படியே இருந்தது. சின்னவள் ஸ்டூலைக் காலால் நகர்த்தி, கட்டில் கிடந்த இடத்தைப் பார்க்க உட்கார்ந்தாள். துணியைத் தொட்டுவிடாமல் கைகள் இரண்டையும் மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டாள்.